அம்மாவுக்கு முக்தி கிடைக்காமல் பார்த்துக்கொண்டேன்

என் எட்டாவது வயதில், அம்மாவுக்கு முக்தி கிடைத்துவிடக் கூடாது என்று ஒரு மாதம் முழுக்கப் பாடுபட்டவன் நான். பிள்ளைகளே, சிரிக்க வேண்டாம். முக்தி என்பது எல்லோரும் வேண்டிக் கேட்கிற பெரிய விஷயம் என்று எனக்கும் இப்போது தெரியும். போன பௌர்ணமிக்கு அண்ணாமலையைச் சுற்றி நடக்கும்போது, "முக்தின்னா இன்னாப்பா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் கையை விடாமல் பிடித்திருப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. பதில் சொல்லவில்லை. சாஸ்திரம் படித்துச் சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். அதிலிருந்து உங்களுக்கு என்ன தெரிகிறதோ தெரியட்டும்.

ஜவ்வாது மலையில் நம் ஊர் தெற்குச் சரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அப்போது வீடு வரைக்கும் ரோடு கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அப்பா காப்பிப் பழம் பறிக்கக் குடகுக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, மூன்று ஆடு, ஒரு கோழி.

அந்தக் கார்த்திகையில் எனக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள். ஒன்பது நாள்தான் இருந்தாள். பத்தாம் நாள் காலையில் என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கேழ்வரகுக் களி கொடுத்து, வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது தொட்டில் கட்டிய சேலையை அவிழ்த்து மடித்து வைத்திருந்தார்கள். "பாப்பா சாமிகிட்ட போயிடுச்சி மாப்ள" என்று மாமா சொன்னார். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்து அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. போளூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, காய்ச்சல் விட்டதும் அனுப்பினார்கள். காய்ச்சல் போய்விட்டதே தவிர அம்மா திரும்பி வந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. கயிற்றுக் கட்டிலைத் தெற்கு வாசலை ஒட்டிப் போடச் சொன்னாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அதில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமைச் சோற்றைத் தட்டில் போட்டுக் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள். மீதியைக் கோழிக்கு வைப்பாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் உடம்பு தேறியது கோழி ஒன்றுதான்.

மழை நின்று பனி இறங்காத நாட்களில், எங்கள் தெற்கு வாசலில் நின்றால் தூரத்தில் திருவண்ணாமலை ஒரு நீலத் திட்டு மாதிரி தெரியும். மாமா அந்த வருஷம் தீபத்துக்கு நடந்தே போய் வந்தவர். வந்ததிலிருந்து நெற்றியில் பட்டையும், வாயில் அண்ணாமலையார் பேச்சுமாக இருந்தார். அம்மா வெளியே பார்த்தபடி இருப்பதைக் கண்டு, "உங்கம்மா அண்ணாமலையார தான் பாத்துக்கினு கீது. பாக்கட்டும் வுடு. நல்ல கெதி கெடைக்கும்" என்றார்.

"நல்ல கெதின்னா இன்னா மாமா?"

"முக்திடா. அது கெடச்சிட்டா பொறப்பே கெடையாது. பசி கெடையாது, காய்ச்சல் கெடையாது, அழுவ கெடையாது. திரும்பி வரவே தேவல."

"வூட்டுக்குக் கூட வரமாட்டாங்களா?"

"ஐய, அங்க போனவங்க எதுக்குடா இந்தக் கல்லு மேட்டுக்கு வரப்போறாங்க?"

"அதுக்கு எவ்ளோ தூரம் நடக்கணும்?"

"நடக்கவே தேவல மாப்ள. நாந்தான் விவரம் தெரியாம நடந்து கால் கொப்பளிச்சிக்கினு வந்தேன். குந்தன எடத்துலியே அந்த மலைய மனசுல நெனச்சா போதும். அவரே இட்டுக்கினு போய்டுவாரு."

மாமா சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நினைத்தாலே போதும் என்றால், அம்மா நாள் பூராவும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்? முக்தி கிடைத்தவர்கள் வீட்டுக்குக்கூட வரமாட்டார்கள் என்றால், எனக்கு யார் தலை வாருவார்கள்? அப்பா குடகிலிருந்து வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினேன். புளி கட்டுகிற பெரிய சாக்கு ஒன்றை எடுத்துத் தெற்கு வாசலில் மேலிருந்து கீழே தொங்கவிட்டேன். "குளிர் காத்து அடிக்குதும்மா" என்றேன். மாமா வாங்கி வந்து மாட்டிய காலண்டரில் அண்ணாமலையார் படம் இருந்தது. அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், நான் பக்கத்தில் போய், "இன்னாம்மா நெனக்கிற?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்லடா."

"மலையவா?"

"எந்த மலைய?"

"எதையுமே நெனக்காத. எட்டாம் வாய்ப்பாடு சொல்றேன், கேளு."

எனக்கு எட்டாம் வாய்ப்பாடு பாதிக்குமேல் தெரியாது. தெரிந்த பாதியையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா கேட்டாளா என்று தெரியாது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சாக்கு ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அம்மா அதே இடத்தில், அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாக்கைக் கட்டுவதும் அவள் ஒதுக்குவதுமாக ஒரு வாரம் போனது.

புதன்கிழமைதோறும் நர்சம்மா வருவார். கிராமத்து நர்ஸ். பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு தோளில் மருந்துப் பையும் மறு தோளில் எடை பார்க்கிற தட்டை மிஷினுமாக ஏறி வருவார். அந்தப் புதன்கிழமை அம்மாவை மிஷினில் ஏற்றிப் பார்த்தார். முள் போன வாரத்தைவிடக் கீழே நின்றது. நர்சம்மா மாமாவை வெளியே கூப்பிட்டு, "ஊசியும் மாத்திரையும் நான் குடுப்பேன். சோறு அவங்கதான் சாப்பிடணும். இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா, மறுபடியும் கீழ கொண்டுபோய் சேத்தாலும் யார் கையிலயும் இல்லைங்க" என்றார். நான் ஆட்டுக் குட்டியைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

மாமா கலங்கித்தான் போனார். ஆனால் வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. தினை மாவில் மலைத்தேன் ஊற்றிப் பிசைந்து கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினார். நர்சம்மா இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சிக்குங்க, நான் தேன் சாப்பிடறதில்ல" என்றார்.

"மலைக்கு வந்துட்டு தேன் வேணாம்றீங்களே நர்சம்மா! சர்க்கர வியாதியா?"

"அதெல்லாம் இல்லீங்க. நாங்க நயினார் வூட்டுக்காரங்க. சமணம். எங்க வூட்டுல தேன் தொடமாட்டோம். ஒரு கூடு கலைச்சா எத்தினி உசுரு போவுது?"

"சரி, ரெண்டு வள்ளிக்கெழங்கு அவிச்சித் தரட்டா?"

"மண்ணுக்கு அடியில வெளயறது எங்கம்மா காலத்துலேந்தே கெடையாது."

"முட்ட?"

"அய்யோ."

"இப்போ வேணாம்னா போவட்டும். பொழுது போனப்புறம் களி கிண்டுவேன்..."

"பொழுது சாஞ்சா பச்சத் தண்ணியோட சரி."

மாமா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏன் நர்சம்மா, அப்போ இன்னாத்ததான் துன்றீங்க? எங்க மலையில வெளயற அத்தினியும் உங்களுக்கு ஆவாதே!"

"சோறு இருக்குது, பருப்பு இருக்குது. சிரிங்க, சிரிங்க. எங்க டாக்டரே சிரிக்கிறாரு" என்று நர்சம்மாவும் சிரித்தார். "துன்றது, கோவப்படறது, அடுத்த உசுர நோவடிக்கிறது, எல்லாம் நம்ம மேல ஒட்டிக்கும்னு எங்க நம்பிக்க. வினைன்னு சொல்லுவோம். ஒட்டுனத கழுவினாதான் முக்தி."

முக்தி என்ற சொல்லைக் கேட்டதும் ஆட்டுக் குட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தேன். "உங்க வூட்டுலயும் முக்தி கீதா?"

நர்சம்மா என்னை வியப்பாகப் பார்த்தார். சுவரில் விதைச் சாமை போட்டுத் தொங்கவிட்டிருந்த சுரைக்குடுக்கையைக் காட்டினார். "தம்பி, அந்தக் குடுக்கைய காலி பண்ணி தண்ணில போட்டா இன்னா ஆவும்?"

"மெதக்கும்."

"அது மேல களிமண்ண அப்பிக் காய வச்சி, மறுபடியும் அப்பி, மறுபடியும் அப்பி, அப்பறம் போட்டா?"

"முழுவிடும்."

"அதான் நாம. மேல போறதுதான் உசுரோட கொணம். ஒட்டிக்கினு இருக்கிற மண்ணாலதான் கீழயே கெடக்குது. மண்ணு கரையக் கரைய மேல வரும். மொத்தமும் கரைஞ்சிட்டா உச்சிக்குப் போய்டும். திரும்பக் கீழ வராது."

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "எங்களுக்கு இவ்ளோ வேல இல்லீங்க. அண்ணாமலையார நெனச்சா அவரே மேல தூக்கிக்குவாரு."

"உங்களுக்குத் தூக்கிவிட ஆள் இருக்காரு. எங்களுக்கு யாரும் தர மாட்டாங்க. அவங்கவங்க மண்ண அவங்கவங்களேதான் கரைக்கணும்."

நான் இடையில் புகுந்து, "உங்களுக்கு எப்போ கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"எனக்கா?" நர்சம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இன்னும் எத்தினி பொறப்பு கீதோ, யாரு கண்டா?"

அவர் இறங்கிப் போனபிறகு நான் குடுக்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேன் தொடாமல், கிழங்கு தொடாமல், முட்டை தொடாமல், பொழுது சாய்ந்தால் சாப்பிடாமல் இருக்கிற இந்த அம்மாவுக்கே இன்னும் எத்தனையோ பிறப்பு ஆகும் என்றால், இதையெல்லாம் சாப்பிடுகிறவர்களுக்கு? சாப்பிடச் சாப்பிட மண் ஒட்டும். ஒட்ட ஒட்ட முழுகும். முழுகினால் இங்கேயே, என்னோடேயே இருக்க வேண்டியதுதான். அண்ணாமலையாரே வந்து இழுத்தாலும் கனத்தில் கை நழுவிவிடும்.

வாசலில் சாக்கைக் கட்டி மறைத்ததெல்லாம் வீண் வேலை என்று அப்போதுதான் தோன்றியது. அம்மாவுக்குச் சோறு போதாது, மண் வேண்டும்.

மறுநாள் தேனில் தொடங்கினேன். ஒரு கரண்டி எடுத்துப் போய் வாயருகே வைத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேன் போர்வையில் சிந்தி எறும்பு வந்ததுதான் மிச்சம். அடுத்த நாள் முட்டை. கோழி அடைகாக்க வைத்திருந்ததில் ஒன்றைத் திருடி அவித்தேன். "வச்சிட்டுப் போ, அப்பறம் துன்றேன்" என்றாள். சாயங்காலம் அப்படியே இருந்தது. நர்சம்மா சொன்ன இரண்டு வாரத்தில் இரண்டு நாள் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடைக்கு மேலே போனேன். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவது சின்னப் பையன் வேலை இல்லை. கொடி ஓரிடத்தில் இருக்கும், கிழங்கு ஆளுயரத்துக்குக் கீழே கல்லுக்குள் வளைந்து போய்க் கிடக்கும். மாமா மாதிரி ஆட்களே வேர்த்துப்போவார்கள். நான் இடுப்பளவு பள்ளம் தோண்டி, பாதியில் உடைந்த ஒரு முழத் துண்டை எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குமேல் வீட்டுக்கு வந்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். அவித்து, தோல் உரித்து, தேன் தொட்டு, கட்டிலுக்குக் கொண்டுபோனேன்.

"வேணாம்டா" என்றாள் அம்மா.

"ஒரு வாய்ம்மா."

"எறங்கலடா. நீ துன்னு."

"நான் துன்னு இன்னா பிரயோஜனம்? நீ துன்னணும். கெழங்கும்மா. துன்னா பாவம்மா."

அம்மா முதல்முறையாக வாசலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "பாவம்னா எதுக்குடா என்னத் துன்னச் சொல்ற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா சொன்ன மலை, நர்சம்மா சொன்ன மண், சாக்கு, குடுக்கை, எல்லாம். "பாவம் இருந்தாதான் உனுக்கு முக்தி கெடைக்காது. கெடைக்கலன்னாதான் நீ இங்கியே இருப்ப. ஒரு வாய்ம்மா. ஒரே ஒரு பாவம்மா."

அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிக் கொப்புளத்தைப் பார்த்தாள். பிறகு கிழங்கை வாங்கிக் கடித்தாள். மென்றாள். விழுங்க முடியாமல் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். இன்னொரு கடி. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, வாய் மென்றுகொண்டே இருந்தது. துண்டில் பாதி போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கீதா?" என்று கேட்டாள்.

மாமாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மீதிக் கிழங்கை அன்றைக்கே தோண்டினேன்.

அதன்பிறகு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு இன்னா பாவம் கொண்டாந்த?" என்பதுதான். ஒரு நாள் தேன், ஒரு நாள் முட்டை, ஒரு நாள் மாமா ஓடையில் பிடித்த நண்டு. பொழுது சாய்ந்த பிறகு வேண்டுமென்றே ஒரு கவளம் களி. "போதும்டா, எவ்ளோ மண்ணுதான் பூசுவ? எந்திரிக்க முடியலியே!" என்று ஒரு நாள் அம்மா சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். தங்கச்சி போனபிறகு அம்மாவின் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டது அன்றுதான்.

இடையில் வந்த புதன்கிழமை முள் அசையவில்லை. இறங்கவும் இல்லை. அதற்கடுத்த புதன்கிழமை மேலே ஏறியது. நர்சம்மா குனிந்து இரண்டு தடவை பார்த்தார். "இன்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். மாமா முந்திக்கொண்டார்.

"உங்க கணக்குப்படி எங்கக்காவுக்கு இன்னும் ஆயிரம் பொறப்பு கீது நர்சம்மா! நீங்க வேணாம்னு சொன்ன அத்தினியும் துன்னாச்சி. எல்லாம் தோ, இவன் பண்ண வேல."

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நர்சம்மாவின் சாமியை வைத்து ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. மாமா விவரமாக எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை நர்சம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இன்னிக்கு முட்ட அவிச்சாச்சா?" என்று கேட்டார்.

அடுப்பில் இருந்தது. மாமா எடுத்து வந்து வைத்தார். அம்மாவுக்கு அப்போதும் விரல் நடுக்கம் இருந்தது. சூட்டில் முட்டையை உரிக்க முடியாமல் தடுமாறினாள். நர்சம்மா அதை வாங்கி, ஊதி ஊதித் தானே உரித்து, இரண்டாகப் பிட்டு அம்மாவின் கையில் கொடுத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "உங்களுக்கும் ஒட்டிக்கிச்சே" என்றேன்.

"ஒட்டட்டும் தம்பி" என்றார். "நீ தெனம் ஒண்ணு குடு. நிறுத்திடாத."

தை முடிவதற்குள் அம்மா எழுந்து நடந்தாள். மாசியில் புளி உலுக்கப் போனாள். அப்பா வந்தபோது, அம்மாவை முக்தியிடமிருந்து காப்பாற்றிய கதையை நான் பெருமையாகச் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவினார்.

நான் பத்தாவது முடித்த வருஷம், முதல் மழை விழுந்ததும் தெற்கு வாசலுக்கு எதிரே சும்மா கிடந்த துண்டு நிலத்தை உழலாம் என்று ஏர் பூட்டிக்கொண்டு போனேன். வாசலிலிருந்து ஐம்பது அடிகூட இருக்காது. புங்க மரத்தை நெருங்கும்போது அம்மா ஓடி வந்து மாட்டை மறித்தாள்.

"ரெண்டு சாலு தள்ளி ஓட்டுடா. அங்க பாப்பா கீது."

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மரத்தடியில், புதைத்த இடத்தில் தலைமாட்டுக்கு வைக்கிற மாதிரி ஒரு கல் பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. திரும்பி வீட்டைப் பார்த்தேன். கட்டில் போட்டிருந்த இடம் நேராகத் தெரிந்தது.

"அப்போ நீ அண்ணாமலைய பாக்கலியாம்மா?"

"எந்த மலைடா தெரிஞ்சது எனக்கு? கண்ணத் தொறந்தா இந்த எடம், மூடனா இந்த எடம். நீ வேற சாக்கக் கட்டிக் கட்டி மறைச்ச." அம்மா கல்லின்மேல் கிடந்த சருகைக் கையால் தள்ளினாள். "அப்போல்லாம் பகலும் ராவும் மனசு இங்கியே கெடந்துச்சி. இப்போ பாரு, நீ ஏரப் பூட்டிக்கினு வந்தப்புறந்தான் நெனப்பே வருது." சொல்லிவிட்டு, அடுப்பில் உலை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

நான் இரண்டு சால் தள்ளி ஓட்டினேன். எட்டு வயதில், அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று நான் பயந்து செத்தேன். ஒன்றே ஒன்றை விட முடியாமல்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.